தம்பிக்கு பேராதனை கிடைச்சிருக்கு – ஃபூட்டா, அந்தரே, யூனியன், யூஜிசி இதுகள்ல எங்களுக்கு உதவுறது ஆர்?

தம்பிலுவில்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என்ட தம்பிக்கு பேராதனை விவசாய பீடம் கிடைச்சிருக்கு. வீட்டில எல்லாருக்கும் சந்தோசம்தான், அப்பா மட்டும் "விவசாயத்துக்கு வந்தாறுமூலையில பீடம் கிடக்கேக்க பிள்ளைய ஏன் கண்டிக்கு ஏத்தி அனுப்புற" எண்டு இன்னும் முணுமுணுத்துக்கொண்டு திரியிறார். அது இசட் ஸ்கோர் படி அவன் போட்ட முதலாவது விருப்பம், அத விடுங்க.

என்ட பிரச்சினை வேற. எங்கட வீட்டில இருந்து கம்பஸ் போற முதல் ஆள் இவன்தான், அதால ஆளாளுக்கு ஒவ்வொரு கதை சொல்லி எங்கள குழப்புறாங்க. பெரியம்மாட மகன் சொல்றான் போன உடனேயே யூனியன்ல சேரணுமாம் இல்லாட்டி ஒதுக்கி வச்சிருவாங்களாம், மாமா சொல்றார் அந்தரே எண்டு ஒரு கூட்டம் இருக்கு அதுட பக்கமே தலை வச்சும் படுக்க வேணாம் எண்டு, பக்கத்து வீட்டு டீச்சர் சொல்றா ஏதும் பிரச்சினை எண்டா ஃபூட்டாவுக்கு எழுதுங்க அவங்க பெரிய சங்கம் எண்டு. இன்னொராள் யூஜிசிக்கு போன் பண்ணுங்க எண்டுறார். இவ்வளவு சங்கம், சம்மேளனம், ஆணைக்குழு கிடக்கு, இதுல ஆர் பிள்ளைகளுக்கு, ஆர் படிப்பிக்கிறாக்களுக்கு, ஆர் கம்பஸுக்கு எண்டு ஒருத்தராவது விளங்கிற மாதிரி சொல்லுங்களன்.

இன்னொண்டு, தம்பிக்கு சின்னனில காய்ச்சல் வந்து இடது காது கேக்காது. வலது காது நல்லம். பள்ளிக்கூடத்துல முன் வாங்குல இருத்தி சமாளிச்சாங்க. கம்பஸ்ல பெரிய ஹோல்ல எப்பிடி எண்டுதான் அம்மாக்கு யோசனை. அப்பிடியான பிள்ளைகளுக்கு எண்டு ஏதும் தேசிய சங்கம் இருக்கா? மகாபொல, பேசரி எண்டு கம்பஸ் பிள்ளைகளுக்கு குடுக்கிற உதவிக்காசு விசயமும் தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

மீன்பாடும்_கல்லடி:

தம்பிக்கு வாழ்த்து சொல்லுங்க. நானும் பேராதனைதான், சயன்ஸ் பீடம், முடிச்சு கனகாலம்.

முதல்ல அந்த டீச்சர் சொன்னத மறந்துடுங்க. ஃபூட்டா எண்டுறது பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம். ஒவ்வொரு கம்பஸ்லயும் விரிவுரையாளருக்கு ஒரு சங்கம் இருக்கும், அதுகள் எல்லாம் சேர்ந்த குடைதான் அது. அவங்கட சம்பளம், ஆள் சேர்ப்பு, பல்கலைக்கழக சுயாதீனம், இதுகள்தான் அவங்கட வேலை. 2012ல ஜூலையில இருந்து ஒக்டோபர் வரைக்கும் ஸ்ட்ரைக் பண்ணி, மொத்த தேசிய உற்பத்தில 6 வீதம் கல்விக்கு ஒதுக்கு எண்டு காலியில இருந்து கொழும்புக்கு நடந்து வந்தாங்களே, அது அவங்கதான். இடையில அரசாங்கம் கம்பஸுகள மூடியும் விட்டது. நல்ல கோரிக்கை, நான் இப்பவும் அத ஆதரிக்கிறன். ஆனா உங்கட தம்பிட ஹொஸ்டல் அறைக்கு லைட் இல்ல எண்டு அவங்களுக்கு எழுதினா பாவம் அவங்க என்ன செய்யிற? ஒரு சங்கத்துக்கு ஆர் சந்தா கட்டுறாங்களோ அவங்களுக்குத்தான் அது நிக்கும், இத மட்டும் மனசுல வச்சா பாதிக் குழப்பம் தீர்ந்திரும்.

யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, சங்கமே இல்ல. 1978ம் ஆண்டு 16ம் இலக்க பல்கலைக்கழக சட்டத்துல உருவாக்கின ஆணைக்குழு, அரசாங்கத்துட ஆள். அனுமதி, காசு பகிர்றது, சுற்றுநிருபம் விடுறது எல்லாம் அங்க. உங்கட தம்பிய பேராதனைக்கு அனுப்பினதே அவங்கதான், 40 வீதம் அகில இலங்கை திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் எண்டு பிரிச்சு. அம்பாறையும் மட்டக்களப்பும் அந்த 16 பின்தங்கிய மாவட்டத்துக்குள்ள வருது, ஒரு வகையில பெருமைப்படுற விசயமில்ல, ஆனா கன பிள்ளைகள் அதால போயிருக்காங்க.

கம்பஸுகளுக்கு எண்டு பாத்தா உபவேந்தர்களும் பணிப்பாளர்களும் சேர்ந்த குழு ஒண்டு இருக்கு, அது வீசிமாருக்குள்ள பேசிக்கொள்ளுற இடம், நாங்க அதுட பக்கம் போக வேண்டி வராது.

மாணவர் பக்கம் பீட மட்டத்துல, கம்பஸ் மட்டத்துல ஒன்றியங்கள். இதுக்கும் அதே 1978 சட்டத்துல தனிப் பகுதி இருக்கு, கள்ளமா நடத்துற சங்கமில்ல. அதுகள நாடு முழுக்க சேத்துத்தான் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம், சிங்களத்துல சுருக்கி அந்தரே எண்டுவாங்க. அதுக்குப் போய்ச் சேரணும் எண்டு கட்டாயம் ஒண்டும் இல்ல.

மறுகா ஒண்டு சொல்றன், இந்தப் பெரிய பெயர்கள் எல்லாத்தையும் விட தம்பிக்கு முதல் மாசம் கை குடுக்கிறது அங்க உள்ள இந்து மாணவர் சங்கமும் தமிழ்ச் சங்கமும்தான். வெள்ளிக்கிழமை குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறினா எங்கட பக்கத்து ஆக்கள் எல்லாரையும் காணலாம், எந்த நோட்ஸ் ஆரிட்ட இருக்கு, எந்த போடிங்ல சோறு நல்லம், எந்த பஸ்ல அக்கரைப்பற்று வந்து இறங்கலாம் எல்லாம் அங்கதான் தெரிய வரும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மஜ்லிஸ் அதே வேலைய செய்யிது.

பேப்பர்மில்_சந்தி:

மாமா சொன்னது சரி. அந்தரே எண்டு போனா படிப்பு போச்சு. கொழும்பில ரோட்ட மறிச்சு பொலிஸ்ட தண்ணிப் பீரங்கி அடி வாங்கி கண்ணீர்புகை குடிச்சு, கடைசில தலைவன்மார் அரசியலுக்கு போவானுகள், அடி வாங்கின பொடியன் ரிப்பீட் எழுதுவான். எங்கட தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதுல என்ன கிடக்கு? பேசாம படிச்சிட்டு வரச் சொல்லுங்க.

சித்தாண்டி_தேர்ட்இயர்:

பேப்பர்மில் அண்ணன், பேசாம படிக்கிறதுக்கு காசு வேணுமே. மகாபொல கனகாலமா 5000ல நிண்டது, பேசரி 4000ல நிண்டது, 2025 பட்ஜெட்டிலதான் 7500, 6500 ஆச்சு. அத அந்தரே தனியா வாங்கித் தந்தது எண்டு நான் சொல்லல்ல, ஆனா சாமான் விலை ஏறினதில இருந்து அத கூட்டு கூட்டு எண்டு வருசக்கணக்கா ரோட்டில நிண்டு கத்தினது ஆர்? ஃபேஸ்புக்ல அவங்களுக்கு ஏசினாக்களும் கூட்டின காச எடுக்கத்தான் செய்றாங்க.

அவங்கள்ல எனக்கும் கோவம் இருக்கு. பகிடிவதை எண்டா வாய் திறக்க மாட்டாங்க, சில இடத்துல சீனியர்மார் 'யூனியனுக்கு ஆள் சேக்கிறம்' எண்ட பெயர்லதான் ராகிங்கே நடக்குது. தமிழ்ப் பிள்ளைகள்ட பிரச்சினை வந்தா நோட்டீஸ் கூட சிங்களத்துலதான் வரும். ஆனா 2022ல அவங்கட அழைப்பாளர் வசந்த முதலிகேய பயங்கரவாதத் தடைச் சட்டத்துல பிடிச்சு மாசக்கணக்கா வச்சிருந்து, 2023 ஜனவரியிலதான் கோர்ட்டு அந்தச் சட்டத்துக்கு கீழ உள்ள வழக்குல இருந்து விட்டது. அந்தச் சட்டம் எங்கட ஆக்களுக்கு புதுசில்ல, 1979ல இருந்து நாங்க பாக்கிறம், ஆனா தெற்கில உள்ள பிள்ளைகள் கன பேர் அது என்ன எண்டு அப்பதான் விளங்கிக்கொண்டாங்க. அதையும் ஒரேயடியா ஒண்டுமில்ல எண்டு தள்ள ஏலாதுதானே.

அக்காக்கு ஒரு விசயம். ராகிங் எண்டா சீனியர் சொல்ற 'இது பாரம்பரியம்' கதைய தம்பி நம்ப வேணாம். 1998ம் ஆண்டு 20ம் இலக்கச் சட்டம் எண்டு தனிச் சட்டமே இருக்கு, 1997ல பேராதனையில பொறியியல் படிச்ச ஒரு தமிழ்ப் பொடியன் ராகிங்கால செத்ததுக்குப் பிறகு வந்தது. பகிடிவதைக்கு 2 வருசம் வரைக்கும் கடூழியச் சிறை, கடுங்காயம் இல்லாட்டி பாலியல் துன்புறுத்தல் எண்டா 10 வருசம் வரைக்கும். முறைப்பாட்டுக்கு யூஜிசிட வெப்சைட்டில தனிப் பக்கம் கிடக்கு. யூனியன் காரன் வந்து காப்பாத்துவான் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேணாம், ஸ்டூடன்ட் கவுன்சிலர்மார் பெயர் லிஸ்ட்ட ஓரியன்டேஷன்ல தருவாங்க, அத போன்ல போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க.

பேப்பர்மில்_சந்தி:

ராகிங் பண்றவனுகளும் யூனியன் காரனுகளும் ஒரே ஆக்கள் எண்டு நீங்களே சொல்றீங்க, பிறகு எனக்கு ஏன் ஏசுறீங்க புள்ள. சரி காசு விசயத்துல ஒத்துக்கொள்றன்.

நிந்தவூர்_காக்கா:

எல்லாருக்கும் சலாமும் வணக்கமும். நான் ஒரு கம்பஸ்ல நிர்வாகப் பக்கம் வேலை செய்றவன், எது எண்டு கேக்காதீங்க. இவ்வளவு நேரமா எல்லாரும் லெக்சரர்மாரையும் மாணவரையும் பத்தி பேசிறீங்க, எங்கள ஒருத்தரும் கணக்கில எடுக்கல்ல. தங்கச்சி, உங்கட தம்பிட படிப்பு நிக்கிறதும் நடக்கிறதும் எங்கட கையிலயும் இரிக்கு.

2024 மே 2ம் திகதியில இருந்து ஜூலை வரைக்கும் நாடு முழுக்க கல்விசாரா ஊழியர் ஸ்ட்ரைக் நடந்த ஞாபகமா? லெக்சரர்மார் வந்தாங்க, ஆனா பரீட்சைக் கிளை பூட்டு, லைப்ரரி பூட்டு, லேப் திறக்க ஆளில்ல, பிள்ளைகள் சர்டிபிகேட் எடுக்க ஏலாம வெளிநாட்டு விண்ணப்பம் தவறவிட்ட. அந்த நேரம் எங்களுக்கு வாப்பா உம்மா எல்லாத்தையும் இழுத்து ஏசினாங்க. எங்கட பக்கம் பல்கலைக்கழக தொழிற்சங்க கூட்டுக் குழு எண்டு இரிக்கு, கிளார்க், டெக்னிக்கல் ஒபிசர், லேபரர், டிரைவர் எல்லாரிட சங்கங்களும் அதுக்குள்ள. சம்பளப் பிரச்சினைய வேற எந்த வழியிலயும் கேட்டு சரிவராமத்தான் இறங்கின. பிள்ளைகளுக்கு அநியாயம் நடந்தது உண்மைதான், அதுக்கு என்ட மனசுலயும் கவலைதான். தனித்தனியா ஊழியருக்கு அநியாயம் நடந்தா பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபை எண்டு சட்டத்துலயே ஒண்டு இரிக்கு, ஆனா சம்பளச் சுற்றுநிருபத்த அது மாத்தாது.

சரி உங்கட விசயம். கல்லடி தம்பி சொன்னது சரி, தேசிய சங்கம் ஒண்டும் தனிப் பிள்ளைக்காக வராது. தனிப் பிள்ளைக்கு கடிதம்தான் பேசும். வாயால சொன்னது எதுவும் எங்கட கந்தோர்ல நிக்காது, கவுண்டர்ல இருந்த ஆள் மாறினா கதையும் போச்சு. பிரச்சினை படிப்பு சம்பந்தம் எண்டா பீடாதிபதிக்கு, ஹொஸ்டல், காசு எண்டா மாணவர் நலன்புரிக் கிளைக்கு, கொப்பி ஸ்டூடன்ட் கவுன்சிலருக்கு. குடுக்கிற கடிதத்துட கொப்பில 'கிடைத்தது' எண்டு திகதி சீல் அடிச்சு வாங்கணும். அந்த சீல் இல்லாட்டி நாளைக்கு நானே 'அப்பிடி ஒண்டு வரல்லயே' எண்டு சொல்லிருவன்.

பதில் வரல்லயா, ரெஜிஸ்ட்ராருக்கு, பிறகு வீசிக்கு. அதுவும் சரிவரல்ல எண்டா 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் சட்டம். "என்ட கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்த" எண்டு கேட்டு தகவல் அதிகாரிக்கு குடுத்தா, தகவல் தாறதா இல்லயா எண்டு 14 வேலை நாளுக்குள்ள அவர் முடிவு சொல்லியாகணும். சத்தியமா சொல்றன், யூனியன் கேட்ல நிண்டு கோஷம் போடுறத விட அந்த ஒரு பக்கக் கடிதம் வந்தா எங்கட ஆக்கள் கெதியா ஃபைல தேடுவாங்க. பாகுபாடு, அடி உதை மாதிரி பெரிய விசயம் எண்டா மனித உரிமை ஆணைக்குழு, உங்களுக்கு கிட்ட கல்முனையில பிராந்திய கந்தோர் இரிக்கு, மட்டக்களப்பிலயும் இரிக்கு, கொழும்புக்கு போகத் தேவையில்ல.

தமிழ்லயே எழுதலாம், அது அரசியலமைப்புல உள்ள உரிமை, ஆனா காரியம் ஓடணும் எண்டா கூட ஒரு இங்கிலீஷ் கொப்பியும் வைங்க. உரிமை ஒரு பக்கம், அங்க மேசையில இருக்கிறவருக்கு தமிழ் வாசிக்கத் தெரியுமா எண்டுறது இன்னொரு பக்கம்.

ஈஸ்ட்ஹாம்_ஆரையம்பதி:

காது விசயத்துக்காக எழுதுறன். நான் இங்க லண்டன்ல ஒரு யூனிவர்சிட்டில மாற்றுத்திறன் உள்ள மாணவர் பிரிவில வேலை.

இஞ்சயும் மூண்டு பக்கம்தான். மாணவருக்கு 1922ல துவங்கின என்யூஎஸ், படிப்பிக்கிறாக்களுக்கு ரெண்டு பழைய சங்கம் சேர்ந்து 2006ல வந்த யூசியூ, நிறுவனங்களுக்கு யூனிவர்சிட்டீஸ் யூகே. இதுக்கு மேல இங்க எனக்கு பிடிச்ச விசயம், ஓஐஏ எண்டு சுயாதீனமா மாணவர் முறைப்பாடு பாக்கிற இடம் ஒண்டு 2004 சட்டத்தால வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் கம்பஸ் பிள்ளை உள்ளுக்குள்ள முறையிட்டு முடிஞ்சு, 'முடிஞ்சுது' எண்டு கம்பஸ் கடிதம் குடுத்த பிறகு 12 மாசத்துக்குள்ள அங்க போகலாம், பிள்ளைக்கு ஒரு சதமும் செலவில்ல. ஊரில இருக்கேக்க இப்பிடி ஒண்டு எங்களுக்கும் இருந்தா எண்டு ஏங்கின விசயம். அங்க ஒரு பிள்ளை யூனியன், கவுன்சிலர், எம்பி, பத்திரிகை எண்டு அலையுது.

என்ட வேலைக்கு எண்டும் தேசிய சங்கம் இருக்கு, என்ஏடிபி எண்டுவம். அமெரிக்காவில அஹெட், அது 1977ல இருந்து. பெயரப் பாத்தா மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான சங்கம் மாதிரி இருக்கும், ஆனா அதுகள் அந்தப் பிள்ளைகளுக்கு உதவுற என்னப் போல ஊழியருக்கான சங்கங்கள். எப்பிடி மேலதிக நேரம் கணக்கிடுற, எப்பிடி விரிவுரைய எழுத்தில குடுக்கிற, சட்டம் என்ன சொல்லுது எண்டு நாங்க ஒருத்தருக்கொருத்தர் படிக்கிற இடம். தம்பி அங்க எழுதிப் பிரயோசனமில்ல. ஆனா அந்தச் சங்கம் இருக்கிறதால என்ட மேசைக்கு வாற பிள்ளைக்கு நல்லது நடக்குது, ஊழியர் சங்கம் எல்லாம் பிள்ளைகளுக்கு எதிரி எண்டு நினைக்கிறாக்கள் இதையும் பாக்கணும்.

ஊரில சட்டம் இல்லாம இல்ல. 1996ம் ஆண்டு 28ம் இலக்க, வலுவிழந்த ஆக்கள்ட உரிமைகளப் பாதுகாக்கிற சட்டம், கல்வி நிறுவனத்துல சேர்க்கிறதுல அதக் காரணமா வச்சு பாகுபாடு காட்டக் கூடாது எண்டு தெளிவா சொல்லுது. 2016ல ஐநா சமவாயத்தையும் இலங்கை ஏத்துக்கொண்டது. சட்டத்த தூக்கிக் காட்டுறதுக்கு முதல் இத செய்யுங்க தங்கச்சி: ஈஎன்டி கிளினிக்ல காது எவ்வளவு கேக்குது எண்டு பாக்கிற ஓடியோகிராம் ஒண்டு புதுசா எடுங்க, டொக்டர்ட கடிதத்துல 'காது கேக்காது' எண்டு மட்டும் எழுதி வாங்காதீங்க, என்ன தேவை எண்டு எழுதச் சொல்லுங்க. முன் வரிசை இருக்கை, மைக் கட்டாயம் பாவிக்கிறது, விரிவுரை ஸ்லைட்ட முதலே தாறது, வாய்மூலப் பரீட்சையில கேள்விய எழுத்திலயும் தாறது. தேவைய நீங்க சொல்லாட்டி டீன் அனுதாபப்பட்டுட்டு விட்டுருவார்.

ஹோல்ல இடது கைப் பக்க ஓரமா இருக்கச் சொல்லுங்க, அப்ப நல்ல காது சபைப் பக்கம், லெக்சரர் பக்கம் திரும்பி இருக்கும். பிள்ளைகள் கன பேர் வெக்கத்துல பின்னுக்கு போய் இருப்பாங்க, எனக்கு வாற பிள்ளைகளும் அப்பிடித்தான், ரெண்டாம் வருசம் ஃபெயில் ஆன பிறகுதான் கதவ தட்டுவாங்க.

தம்பிலுவில்_அக்கா:

எல்லாருக்கும் கோடி புண்ணியம். தம்பி இதெல்லாத்தையும் வாசிச்சிட்டு "அப்ப எனக்கு சங்கமே இல்லயா" எண்டு சிரிக்கிறான். இடது பக்கம் இருக்கிற விசயம் மட்டும் அவனுக்கு ஏற்கனவே தெரியுமாம், ரியூசன்ல அப்பிடித்தான் இருக்கிறவனாம், எங்களுக்குத்தான் தெரியாது.

டொக்டர்ட கடிதம் எடுக்கப் போறம். ஒரு கேள்வி மிச்சம், அதுக்கு ஜிஎஸ்ட, அதான் கிராம சேவகர்ட, சீல் வேணுமா? மகாபொலக்கும் இப்பவே ஜிஎஸ்ஸிட்ட போகணுமா?

நிந்தவூர்_காக்கா:

டொக்டர் கடிதத்துக்கு ஜிஎஸ் சீல் தேவையில்ல தங்கச்சி, டொக்டர்ட பெயர் சீலும் பதிவு இலக்கமும் இருந்தா காணும். ஒரிஜினல குடுத்துராதீங்க, கொப்பி எடுத்து உறுதிப்படுத்திக் குடுங்க.

மகாபொல, பேசரிக்கு வருமானம் உறுதிப்படுத்தணும், அதுக்கு ஜிஎஸ்ஸும் டிஎஸ் ஒபிஸும் (பிரதேச செயலகம்) வேணும். விண்ணப்பம் விட்ட பிறகு போனா எல்லாப் பிள்ளையும் ஒரே நேரம் அங்க நிக்கும், அதால வாப்பாட வருமானத்துக்கு என்ன காகிதம் வேணும் எண்டு இப்பவே ஜிஎஸ்ஸிட்ட கேட்டு வைங்க. வயல் காணி இருந்தா உறுதி இல்லாட்டி பெர்மிட் கொப்பியும் கேப்பாங்க, வருமானத்த கூட்டியும் குறைச்சும் எழுத வேணாம், பிறகு பிடிபட்டா திருப்பிக் கட்டச் சொல்வாங்க. மறுகா தம்பிட பெயருல பேங்க் புக் ஒண்டும் திறந்து வைங்க, காசு கணக்குக்குத்தான் வரும்.

மீன்பாடும்_கல்லடி:

பேங்க் கணக்க எந்த பேங்க்ல எண்டு ரெஜிஸ்ட்ரேஷன் கடிதத்துல போட்டிருப்பாங்க, அத பாத்துட்டுத் திறங்க அக்கா. தம்பிட பேச்ல மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் வட்சப் குரூப் இருக்கும், இந்து மாணவர் சங்கத்து ஆக்கள் ரெஜிஸ்ட்ரேஷன் அண்டு கேட்ல நிப்பாங்க, அவங்களிட்ட கேட்டா சேத்துவிடுவாங்க.